டிசம்பர் 25: வருடத்தை மறந்த பட்டியல்

செய்தித்தாளின் ஓரத்தில் 'வரலாற்றில் இன்று' என்று ஒரு சின்னப் பெட்டி வரும். இப்போது அதுவே வாட்ஸ்அப் ஃபார்வேர்டாகவும் இன்ஸ்டாகிராம் கார்டாகவும் வருகிறது. டிசம்பர் 25ஆம் தேதிக்கான பெட்டி வருஷா வருஷம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். 1642: ஐசக் நியூட்டன் பிறந்தார். 1861: மதன் மோகன் மாளவியா பிறந்தார். 1876: முகமது அலி ஜின்னா பிறந்தார். 1924: வாஜ்பாய் பிறந்தார். 1972: ராஜாஜி மறைந்தார். 1977: சார்லி சாப்ளின் மறைந்தார். 1991: கோர்பசேவ் பதவி விலகினார்.

டேட்டாபேஸோடு மாரடிக்கிற ஆளுக்கு இது ஒரு சாதாரண க்வெரி. மாதம் 12, நாள் 25 என்று இருக்கும் வரிசைகளை எல்லாம் எடு, அவ்வளவுதான். ஆனால் ஒரு தேதிக்கு மூன்று பகுதிகள் உண்டு. வரலாற்றுக்கு அதில் முக்கியமானது வருடம். எது எதற்குப் பிறகு நடந்தது, எதனால் நடந்தது என்பதெல்லாம் வருடத்தில்தான் இருக்கிறது. இந்தப் பட்டியல் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு நாளையும் மாதத்தையும் மட்டும் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் நியூட்டனும் சாப்ளினும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கடந்த ஆயிரம் வருஷத்தில் டிசம்பர் 25 ஆயிரம் முறை வந்து போயிருக்கிறது. எந்தத் தேதியைப் பிடித்து உலுக்கினாலும் நாலு மேதைகள், இரண்டு சர்வாதிகாரிகள், ஒரு நிலநடுக்கம் உதிரத்தான் செய்யும். அப்போ பட்டியலைத் தூக்கிப் போட்டுடலாமா? வேண்டாம். அதன் ஒவ்வொரு வரியிடமும் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். இந்த 25 எந்தக் காலண்டரின் 25? அது தானாக வந்து விழுந்ததா, யாராவது தேர்ந்தெடுத்தார்களா? இதை இன்றுவரை ஞாபகம் வைத்திருப்பது யார்? மூன்றாவது கேள்விதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான இடம். அங்கே போவதற்கு முதல் இரண்டையும் கடக்க வேண்டியிருக்கிறது.

எந்தக் காலண்டர்?

முதல் வரியிலேயே சிக்கல். நியூட்டன் இங்கிலாந்தின் லிங்கன்ஷையரில் உள்ள வுல்ஸ்தோர்ப்பில் பிறந்தபோது அங்கே கிறிஸ்துமஸ். ஆனால் கடலைத் தாண்டி பாரிஸுக்குப் போனால் அன்று 1643 ஜனவரி 4.

காரணம் எளிது. ஜூலியன் காலண்டர் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல் லீப் வருடம் வைத்ததால், சூரியனைவிட மெல்ல மெல்லப் பின்தங்கிக்கொண்டே வந்தது. 1582இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி அதைத் திருத்தினார். அந்த வருடம் அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15. கத்தோலிக்க நாடுகள் ஏற்றுக்கொண்டன. போப் சொல்லி நாங்கள் நாள் எண்ண வேண்டுமா என்று இங்கிலாந்து 170 வருஷம் அடம்பிடித்தது. கடைசியில் 1752இல் பணிந்தது. செப்டம்பர் 2 புதன்கிழமை, அடுத்த நாள் செப்டம்பர் 14 வியாழக்கிழமை. உங்களிடம் பழைய யூனிக்ஸ் வகைக் கணினி இருந்தால் டெர்மினலில் 'கேல்' கட்டளையோடு 9, 1752 என்று கொடுத்துப் பாருங்கள். பதினோரு நாள் காணாமல் போன ஒரு செப்டம்பர் திரையில் வரும். 18ஆம் நூற்றாண்டுப் பிரிட்டிஷ் சட்டம் ஒன்று இன்னும் நம் லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது.

'கலிலியோ இறந்த வருடத்தில் நியூட்டன் பிறந்தார்' என்று பள்ளியில் படித்திருப்போம். கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8; அது இத்தாலியில், புதிய காலண்டர்படி. நியூட்டனின் 1642 பழைய காலண்டர்படி. இரண்டையும் ஒரே காலண்டரில் வைத்தால் நியூட்டன் 1643இல் பிறந்தவர். இரண்டு டைம்ஸோன் நேரங்களை மாற்றாமல் அப்படியே ஒப்பிட்டால் வருமே ஒரு பக், அதே ரகம். மேதையின் ஆவி மேதைக்குள் புகுந்த கதை அந்த பக்கில் பிறந்தது.

இன்னொரு அழகான தற்செயலும் இருக்கிறது. 1531, 1607, 1682இல் வந்தது ஒரே வால்நட்சத்திரம்தான், 1758 வாக்கில் திரும்பி வரும் என்று நியூட்டனின் ஈர்ப்பு விதியை வைத்துச் சொன்னவர் எட்மண்ட் ஹேலி. அவர் 1742இல் இறந்துவிட்டார். 1758இல் பிரான்ஸில் கிளெரோ, லாலாந்த், நிக்கோல்-ரேன் லெபோத் என்ற மூவரும் மாதக்கணக்கில் உட்கார்ந்து, வியாழனும் சனியும் அந்த வால்நட்சத்திரத்தை எவ்வளவு இழுத்துத் தாமதப்படுத்தும் என்று கையால் கணக்குப் போட்டார்கள். 1759 ஏப்ரல் நடுவில், ஒரு மாதம் முன்பின்னாக, அது சூரியனுக்கு மிக அருகே வரும் என்றார்கள். வந்தது மார்ச் 13. அதை முதலில் கண்டவர் டிரெஸ்டன் நகருக்குப் பக்கத்து விவசாயி யோஹான் கியோர்க் பாலிட்ச். கண்ட தேதி 1758 டிசம்பர் 25. நியூட்டனின் பிறந்தநாளில் நியூட்டனின் விதிக்குச் சான்று கிடைத்தது என்று எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் பாலிட்சின் 25 கிரிகோரியன், நியூட்டனின் 25 ஜூலியன். பொருந்தாது.

ஒரே காலண்டருக்குள்ளும் தேதியை அப்படியே நம்பிவிட முடியாது. ஜின்னாவின் அதிகாரப்பூர்வப் பிறந்தநாள் 1876 டிசம்பர் 25. கராச்சியில் அவர் படித்த பள்ளியின் பதிவேட்டில் இருப்பது 1875 அக்டோபர் 20. நமக்கு இது புதிதா என்ன? ஜூன் மாதம் ஸ்கூல் திறக்கும்போது வயது சரியாக வரும்படி ஹெட்மாஸ்டர் போட்டுக் கொடுத்த தேதியோடு ஒரு தலைமுறையே நம் வீடுகளில் ரிட்டயர் ஆகியிருக்கிறது. பிறந்த தேதி என்பது பிறப்பைப் பற்றிய செய்தி மட்டுமில்லை, யாரோ ஒருவர் அதை எழுதினார் என்ற செய்தியும்கூட. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம்.

யார் தேர்ந்தெடுத்தது?

பிறப்பையும் பெரும்பாலான இறப்பையும் யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் பட்டியலில் இன்னொரு வகை வரிகள் இருக்கின்றன.

கிறிஸ்துமஸே முதல் உதாரணம். இயேசு பிறந்த தேதி என்று விவிலியத்தில் எதுவும் இல்லை. டிசம்பர் 25 என்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவு, கி.பி. 354இல் ரோமில் தொகுத்த ஒரு நாட்காட்டித் தொகுப்பில் இருக்கிறது. வெல்லப்படாத சூரியனின் திருநாளாகவும் அதே தேதி அதே தொகுப்பில் குறிக்கப்பட்டிருக்கிறது. சூரியனின் நாளைச் சபை எடுத்துக்கொண்டது என்பது ஒரு விளக்கம். மார்ச் 25இல் கருவுற்றார் என்று வைத்து ஒன்பது மாதம் கூட்டினார்கள் என்பது இன்னொன்று. எப்படியானாலும் அது மனிதர்கள் முடிவு செய்த தேதி.

ஒருமுறை புனிதமாகிவிட்டால் அந்தத் தேதிமேல் ஏறிக்கொள்ள ஆட்கள் வருவார்கள். கி.பி. 800 டிசம்பர் 25 அன்று ரோமில் போப் மூன்றாம் லியோ, சார்லமேனுக்குப் பேரரசராக முடி சூட்டினார். 1066இல் இங்கிலாந்தை வென்ற வில்லியம், வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் முடி சூட்டிக்கொண்டதும் அதே தேதியில். உள்ளே மக்கள் எழுப்பிய ஆரவாரத்தைக் கலகம் என்று நினைத்து, வெளியே காவலுக்கு நின்ற நார்மன் வீரர்கள் பக்கத்து வீடுகளுக்குத் தீ வைத்துவிட்டார்கள். சடங்குக்கு நல்ல நாள் பார்க்கலாம், சடங்கில் நடப்பதைப் பார்த்து வைக்க முடியாது.

ஜார்ஜ் வாஷிங்டனுக்கு அந்த நாள் வேறு மாதிரிப் பயன்பட்டது. 1776 கிறிஸ்துமஸ் இரவில் சுமார் 2,400 பேரோடு பனிக்கட்டி மிதக்கும் டெலவேர் ஆற்றைக் கடந்து, மறுநாள் காலை டிரென்டனில் எதிரிப் படையைத் திடீரென்று தாக்கினார். எதிரியின் காலண்டரும் ஒரு போர்க்கருவிதான்.

எல்லாவற்றையும் இப்படி வாசிக்கவும் கூடாது. 1991 டிசம்பர் 25 அன்று கோர்பசேவ் தொலைக்காட்சியில் தோன்றிப் பதவி விலகினார். கிரெம்ளினில் செங்கொடி இறங்கியது. கிறிஸ்துமஸ் அன்று சோவியத் முடிந்தது என்பதில் மேற்கத்திய ஊடகங்களுக்கு ஒரு பரவசம். ஆனால் மாஸ்கோவில் அது வெறும் புதன்கிழமை. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபை இன்னும் ஜூலியன் காலண்டரில் இருப்பதால் அங்கே கிறிஸ்துமஸ் ஜனவரி 7. அக்டோபர் புரட்சியை நவம்பர் 7இல் கொண்டாடியதும் இதே குழப்பத்தால்தான்.

கோர்ட் லீவு

இந்தியப் பக்கம் வந்தால் டிசம்பர் கடைசி வாரத்தில் சம்பவங்கள் வழக்கத்துக்கு மேல் குவிந்திருக்கும். காங்கிரஸின் முதல் மாநாடு 1885 டிசம்பர் 28. முஸ்லிம் லீக் உருவானது 1906 டிசம்பர் 30. சிங்காரவேலர் தலைமையில் கான்பூரில் கம்யூனிஸ்ட் மாநாடு கூடியது 1925 டிசம்பர் கடைசியில். லாகூரில் ராவி நதிக்கரையில் நேரு கொடியேற்றியது 1929 டிசம்பர் 31 நள்ளிரவு.

இது தற்செயல் இல்லை, இதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் கிறிஸ்துமஸ் கொண்டாட வேண்டும் என்பதால் கோர்ட்டுக்கும் ஆபீஸுக்கும் கல்லூரிக்கும் லீவு. வக்கீலும் வாத்தியாரும் குமாஸ்தாவும் சேர்ந்து ரயிலேறி இன்னொரு ஊருக்குப் போய் நாலு நாள் உட்கார்ந்து பேச வசதியான வாரம் அது. பேரரசு தன் பண்டிகைக்கு விட்ட லீவில் பேரரசை எதிர்க்கும் கூட்டம் நடந்தது.

1927 டிசம்பரைப் பாருங்கள். சென்னையில் அன்சாரி தலைமையில் காங்கிரஸ் மாநாடு. முழு விடுதலையே இலக்கு என்ற தீர்மானம் அங்கே நிறைவேறியது. மாநாட்டை ஒட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து அடுத்த வருடம் மியூசிக் அகாடமி பிறந்தது. இன்று நாம் மார்கழி சீசன் என்று கொண்டாடுவதில் ஆண்டாளுக்கு எவ்வளவு பங்கோ, கோர்ட் லீவுக்கும் அவ்வளவு பங்கு இருக்கிறது.

அதே வாரம் கொங்கணக் கரையில் மகாட் என்ற சிற்றூரில் இன்னொரு மாநாடு. அந்த வருடம் மார்ச்சில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு அங்கிருந்த சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்திருந்தார். பிறகு சாதி இந்துக்கள் அந்தக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். டிசம்பரில் மீண்டும் போராட்டம் என்று அறிவித்ததும், குளம் தனியார் சொத்து என்று சொல்லிக் கோர்ட்டில் இடைக்காலத் தடை வாங்கினார்கள். மாநாட்டுக்கு இடம் கொடுக்க முன்வந்தவர் ஒரு முஸ்லிம். டிசம்பர் 25 அன்று மாநாட்டைத் தொடங்கிவைத்த அம்பேத்கர், அதை 1789இன் பிரெஞ்சு தேசியப் பேரவையோடு ஒப்பிட்டுப் பேசினார். அன்று இரவு மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. அதற்கான தீர்மானத்தை முன்மொழிந்தவர் சகஸ்ரபுத்தே, பிறப்பால் பிராமணர். புத்தகத்தை எரிக்கலாமா என்று கேட்டவர்களுக்கு, அந்நியத் துணியை எரித்தது எதற்காக என்று திருப்பிக் கேட்டார் அம்பேத்கர். குளத்து வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு வர 1937 ஆனது. பத்து வருஷம், ஒரு வாய்த் தண்ணீருக்கு.

இன்று பல இடங்களில் டிசம்பர் 25ஐ மனுஸ்மிருதி எரிப்பு நாளாக நினைவுகூர்கிறார்கள். லீவு வாரம் என்பதால் அமைந்த ஒரு தேதியை மக்கள் எடுத்துத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள்.

அரைப்படி

இனி 1968.

அந்த டிசம்பர் 25 அன்று இந்திய நேரப்படி முற்பகல் 11:40 வாக்கில், நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த அப்போலோ 8 தன் எஞ்சினை இயக்கிப் பூமியை நோக்கித் திரும்பியது. நிலவைச் சுற்றிய முதல் மூன்று மனிதர்கள் அதில் இருந்தார்கள். வழியில், யார் வண்டியை ஓட்டுவது என்ற கேள்விக்கு, இப்போது பெரும்பாலும் நியூட்டன்தான் ஓட்டுகிறார் என்று பில் ஆண்டர்ஸ் வேடிக்கையாகச் சொன்னார்.

அன்று இரவு, பிரிக்கப்படாத தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் ஏதோ பெரிய அர்த்தம் தெறிப்பது மாதிரி இருக்கிறது, இல்லையா? தெறிக்கவில்லை. நிலவுக்குப் போனதற்கும் வெண்மணிக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. இது பட்டியல் செய்கிற மாயம். வெண்மணியைப் புரிந்துகொள்ள டிசம்பர் 25ஐ விட்டுவிட்டு வருடத்துக்கும் அதற்கு முந்தைய வருடங்களுக்கும் போக வேண்டும்.

1940களில் பி. சீனிவாசராவ் போன்றோர் கீழத்தஞ்சையில் பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டினார்கள். சவுக்கடிக்கும் சாணிப்பால் புகட்டுவதற்கும் எதிராகத் தொடங்கிய போராட்டம் அது. 1960இல் தீவிர வேளாண் திட்டத்துக்கு அரசு தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தஞ்சையும் ஒன்று. அறுபதுகளின் நடுவில் குறுகிய கால நெல் ரகங்கள் வந்தன. விளைச்சல் கூடியபோது, கூலி நெல்லும் கூட வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். அரைப்படி நெல் கூடுதலாக என்றுதான் ஊர் இன்றும் அதை ஞாபகம் வைத்திருக்கிறது. மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் அமைத்து எதிர்த்தார்கள். வெளியூர் ஆட்களை இறக்கி அறுவடை செய்தார்கள். செங்கொடியை இறக்கு, எங்கள் சங்கத்தில் சேர் என்று நெருக்கினார்கள். பிரச்சினை அரைப்படி மட்டும் இல்லை. எத்தனை படி என்று கேட்கிற உரிமை யாருக்கு என்பதும்தான்.

அந்த இரவு தாக்க வந்தவர்களிடமிருந்து ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். ஓட முடியாதவர்கள் ஒரு குடிசைக்குள் ஒளிந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், மீதி முதியவர்கள். எல்லோரும் தலித் மக்கள். குடிசை வெளியே தாழிடப்பட்டுக் கொளுத்தப்பட்டது.

1970இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம், சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட சிலருக்குத் தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. வசதி படைத்த மிராசுதார்கள் ஆட்களை ஏவாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பது நம்பக் கடினமாக இருக்கிறது என்பது தீர்ப்பில் சொல்லப்பட்ட ஒரு காரணம். 1980இல் நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார்.

இடையில் வேறு சிலவும் நடந்தன. கூலியைப் பற்றி விசாரித்த கணபதியா பிள்ளை ஆணையத்தைத் தொடர்ந்து 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் கீழத்தஞ்சைக்கு வந்து தங்கி, நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கித் தரும் வேலையில் இறங்கினார்கள். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவல் வந்தது. இவையெல்லாம் வெண்மணியின் பின்விளைவுகள். தேதிப் பெட்டியில் இவற்றுக்கு இடமில்லை, ஏனென்றால் இவை வேறு வேறு தேதிகளில் நடந்தன.

யார் ஞாபகம் வைத்திருப்பது?

மூன்றாவது கேள்விக்கு வந்துவிட்டோம்.

பட்டியலில் 'பிறப்பு' என்ற பகுதியைப் பாருங்கள். அதில் ஏற, ஒருவர் பிறந்த அன்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். தேவாலயப் பதிவேடு, ஜாதகம், பள்ளிச் சான்றிதழ், ஏதாவது ஒன்று. பிறகு அவர் புகழடைய வேண்டும். ராஜாஜி 1878 டிசம்பர் 10இல் பிறந்தார், 1972 டிசம்பர் 25இல் மறைந்தார். இரண்டு முனையும் துல்லியமாகத் தெரியும். அந்தக் காலத்துப் பண்ணையாள் வீடுகளில் பிறந்த தேதி எழுதி வைப்பது அரிது. பெரிய வெள்ளம் வந்த வருஷம் பிறந்தவன், அறுவடை சமயத்தில் பிறந்தவள் என்றுதான் கணக்கு. அப்படிப்பட்டவர்கள் பட்டியலில் நுழைய ஒரே வழி 'இறப்பு' பகுதி. அதுவும் மொத்தமாகச் செத்தால்தான். அங்கேயும் பெயராக நுழைவதில்லை, 44 என்ற எண்ணாக நுழைகிறார்கள்.

நீதிமன்றத்தில் குற்றவாளி என்று கடைசிவரை நின்றவர் யாருமில்லாத ஒரு கொலையில், செத்தவர்கள் பக்கம் மிச்சமிருந்த ஆவணங்களில் ஒன்று அந்தத் தேதி. அதைப் பிடித்துக்கொண்டவர்கள் பிழைத்தவர்களும் அவர்கள் சங்கமும். வருஷா வருஷம் டிசம்பர் 25 அன்று வெண்மணி நினைவிடத்தில் கூடுகிறார்கள், கொடியேற்றுகிறார்கள், அஞ்சலி செலுத்துகிறார்கள். நியூட்டனின் 25 காலண்டர் தந்தது. வில்லியமின் 25 அதிகாரம் தேர்ந்தெடுத்தது. வெண்மணியின் 25ஐ ஒவ்வொரு வருடமும் யாராவது பஸ் ஏறிப் போய் உண்டாக்க வேண்டியிருக்கிறது. ஒரு வருடம் யாரும் போகவில்லை என்றால் அது காலண்டரில் தானாக வராது.

அடுத்த டிசம்பர் 25இல் அந்தப் பெட்டி உங்கள் கைக்கு வரும்போது, வெண்மணி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்த்து அனுப்புங்கள். சேர்க்கும்போது '44 பேர் தீயில் கருகி இறந்தனர்' என்று மட்டும் எழுத வேண்டாம். அப்படி எழுதினால் அது அடுப்பு வெடித்த விபத்து மாதிரி ஆகிவிடும். 1968 என்ற வருடத்தையும், கூலி கேட்டதால் எரிக்கப்பட்டார்கள் என்பதையும், 1973 தீர்ப்பையும் சேர்த்துப் போடுங்கள். கார்டில் இடம் போதாதுதான். சாப்ளினை ஒரு வருஷம் எடுத்துவிடலாம், அவர் தப்பாக நினைக்க மாட்டார்.